மோகினித் தீவும் எங்கள் ஊர் வாசகர்களும்

(வானொலி இலக்கிய நிகழ்ச்சியில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



ஒரு நூலைப் பற்றி விமர்சகர் சொல்வது ஏட்டில் ஏறிவிடுகிறது. வாசகர் சொல்வது வாசிகசாலை வாங்கிலோ கிணற்றடியிலோ கரைந்து போய்விடுகிறது. இன்று நான் பேச எடுத்துக்கொண்டது இந்த இரண்டாவது வகைக் கருத்துகளைப் பற்றியே. எடுத்துக்கொண்ட நூல் கல்கியின் 'மோகினித் தீவு'. இது 1950இல் வெளிவந்த ஒரு குறுநாவல். 'சிவகாமியின் சபதம்' எழுதி முடித்த பின்னரும் 'பொன்னியின் செல்வன்' தொடங்குவதற்கு முன்னரும் வந்தது. இரண்டு பெரிய கோபுரங்களுக்கு நடுவே நிற்கும் சிறு மண்டபம்போல, பலருடைய கண்ணிலும் படாமல் போன கதை இது.

சில காலத்துக்கு முன்னர் அரியாலையில் எங்கள் அயல் வாசிகசாலையில் இக்கதையைச் சத்தமாக வாசித்தோம். ஞாயிறு பின்னேரங்களில் கூடினோம். இந்துக் கல்லூரியொன்றில் தமிழ் கற்பிப்பவன் என்பதால் வாசிக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. வாசித்து முடித்ததும் நான் விளக்கவுரை ஏதும் சொல்லவில்லை. வந்திருந்தவர்களைச் சொல்ல விட்டேன். அவர்கள் சொன்னவற்றுள் சிலவற்றை உங்கள் முன் வைக்கிறேன். பெயர்களைத் தவிர்த்துக் கொள்கிறேன்.

முதலில் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிட வேண்டும். படம் பார்க்கப் போன இடத்தில் கதாசிரியர் ஒரு பழைய அறிமுகக்காரரைச் சந்திக்கிறார். அவர் இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் பர்மாவில் இருந்தவர். யப்பானியரின் குண்டுவீச்சுக்குத் தப்பி ரங்கூனிலிருந்து அகதிக் கப்பலில் புறப்பட்டவர். வழியில் கப்பல் ஒரு தீவின் அருகே ஒதுங்குகிறது. தீவில் மனிதர் இல்லை. கோயில்களும் மண்டபங்களும் சிற்பங்களும் பாழடைந்து கிடக்கின்றன. கரையிறங்கிய அவர் அங்கேயே தங்கிவிடுகிறார். நிலவு எழும்போது பழங்கால உடையணிந்த ஆணும் பெண்ணுமாக இருவர் தோன்றுகிறார்கள். தமிழிலேயே பேசுகிறார்கள். ஒரு சோழ இளவரசனும் ஒரு பாண்டிய இளவரசியும் காதலித்த கதையைச் சொல்கிறார்கள். தந்தையர் இருவரும் பகைவர். இளவரசன் சிற்ப மாணவனாக வேடம் பூண்டு மதுரைக்குள் நுழைகிறான். காதலுக்கும் குலப்பகைக்கும் நடுவே இருவரும் அலைக்கழிந்து, முடிவில் அரசைத் துறந்து கடல் கடந்து இத்தீவுக்கு வருகிறார்கள். கதை சொல்பவர்கள் யார்? அந்தச் சுகுமாரனும் புவனமோகினியும் தாமா? உயிருள்ளவர்களா, ஆவிகளா, நிலவு மயக்கமா? இதுதான் கதை வாசகரிடம் விட்டுச் செல்லும் கேள்வி.

இத்தகைய கதைகளை அறிஞர்கள் எப்படி மதித்தார்கள் என்பதும் நேயர்களுக்குத் தெரிந்ததே. மணிக்கொடிக் குழுவினர் கல்கியின் எழுத்தைத் தழுவல் என்றும் சனரஞ்சகம் என்றும் கண்டித்தார்கள். ஈழத்திலே 1960களில் வலுப்பெற்ற முற்போக்கு விமர்சனம், சமூக யதார்த்தத்தை உரைகல்லாகக் கொண்டு, மன்னர் காலக் காதல்களைக் கற்பனாவாதம் என்று ஒதுக்கி வைத்தது. அந்த உரைகல் நமக்குச் செய்த நன்மை பெரிது. டானியலும் டொமினிக் ஜீவாவும் போன்றோர் எழுதியதை இலக்கியம் என்று தலைநிமிர்ந்து சொல்லும் துணிவை அது தந்தது. ஆனால், ஒதுக்கிவைத்த நூலை ஊரவர் தொடர்ந்து வாசித்துக்கொண்டுதான் இருந்தார்கள். அவர்கள் அதில் என்ன கண்டார்கள் என்று கேட்டவர் குறைவு.

எங்கள் கூட்டத்தில் முதலில் பேசியவர் ஓய்வுபெற்ற ஓர் ஆசிரியர். கணிதம் படிப்பித்தவர். "மாஸ்டர், இது பொழுதுபோக்குக் கதை. சினிமாக் கொட்டகையிலை தொடங்குது எண்டதாலை கல்கியே அதை ஒத்துக்கொள்ளுறார். அந்த மனிசன் நித்திரை கொண்டு கனவு கண்டிருக்கிறான். பேயுமில்லை, பிசாசுமில்லை" என்றார். அவருக்குப் பக்கத்தில் இருந்தவர் உடனே மறுத்தார். "கனவெண்டால் ரெண்டுபேர் மாறி மாறி இவ்வளவு ஒழுங்காகக் கதை சொல்லுவினமோ? அதுகள் ஆவியள்தான்" என்றார். அன்றைய பொழுது இந்த வழக்கிலேயே போயிற்று. கனவென்போர் ஒரு பக்கம், ஆவியென்போர் ஒரு பக்கம்.

இந்த வழக்கு நமது இலக்கியத்துக்குப் புதியதன்று. தொல்காப்பியம் களவியலிலே காட்சிக்கு அடுத்தபடியாக ஐயத்தை வைக்கிறது. தலைவியை முதன்முதல் கண்ட தலைவன், இவள் மானிட மகளா, தெய்வ மகளா என்று திகைக்கிறான். பிறகுதான் தெளிவு. மொய்க்கும் வண்டு, அணிந்த இழை, எழுதிய தொய்யில், வாடும் பூ, தடுமாறும் பார்வை, இமைக்கும் கண், அச்சம் ஆகியவற்றைக் கொண்டு இவள் மானிடப் பெண்தான் என்று துணிகிறான். வள்ளுவரும் காமத்துப்பாலை இந்த ஐயத்திலேயே தொடங்குகிறார். அணங்கோ, மயிலோ, மனிதப் பெண்ணோ என்று தலைவனின் நெஞ்சு மயங்குவதுதான் அந்தப் பாலின் முதற் குறள்.

ஆக, ஒரு பெண்ணைப் பார்த்து 'இவள் இவ்வுலகத்தவளா' என்று கேட்பது தமிழில் பயத்தின் தொடக்கம் மட்டுமன்று, அன்பின் தொடக்கமுமாகும். 'மோகினித் தீவு' இந்த ஐயத்தை எடுத்துக்கொள்கிறது. தெளிவை மட்டும் தராமல் விட்டுவிடுகிறது. புதுமைப்பித்தனின் 'காஞ்சனை'யை இதனோடு ஒப்பிட்டுப் பாருங்கள். 1943இல் அதே பெயருடைய தொகுதியில் வந்த அக்கதையிலும் தெளிவு கிடைப்பதில்லை. ஆனால் அங்கே ஐயம் வீட்டுக்குள் வந்து, கணவனுக்கும் மனைவிக்கும் நடுவே படுத்துக்கொள்கிறது. வாசிப்பவனுக்கு முதுகு சில்லிடுகிறது. கல்கியின் தீவிலோ ஆவிகளைக் கண்டு நாம் அஞ்சுவதில்லை. அவர்கள் எழுந்து போய்விடுவார்களோ என்றுதான் அஞ்சுகிறோம். ஒரே ஐயம் ஒருவர் கையில் அச்சச் சுவையாகிறது, மற்றவர் கையில் உவகைச் சுவையாகிறது. இதில் எது உயர்ந்தது என்று தீர்ப்புக் கூற நான் வரவில்லை. 'காஞ்சனை'யின் சொற்செட்டு 'மோகினித் தீவி'ல் இல்லை என்பது உண்மை.

தீவு என்ற களமும் பழையதே. மணிமேகலையை நினைத்துப் பாருங்கள். புகார் நகரத்து உவவனத்தில் துயின்ற பெண்ணை மணிமேகலா தெய்வம் எடுத்துச் சென்று மணிபல்லவத்தில் விடுகிறது. அங்குள்ள பீடிகையைக் கண்டபோது அவளுக்குப் பழம்பிறப்பு விளங்குகிறது. தன்னைத் துரத்தும் உதயகுமாரன் முற்பிறப்பில் தன் கணவன் இராகுலன் என்று அறிகிறாள். முற்பிறவிக் காதல், ஆளில்லாத தீவு, தெய்வத்தின் தலையீடு ஆகிய மூன்றும் அங்கேயே உண்டு. மணிபல்லவம் நயினாதீவே என்பது எங்கள் பக்கத்தில் பலரும் கொள்ளும் கருத்து, மறுப்போரும் உளர். எப்படியாயினும், குறிகட்டுவானில் படகேறிப் பழகிய வாசகனுக்குக் கல்கியின் தீவு கற்பனையின் கடைக்கோடியில் இருப்பதாகத் தோன்றுவதில்லை.

இனி, அடுத்த ஞாயிறு நடந்ததைச் சொல்கிறேன். எண்பது வயதைத் தாண்டிய ஓர் ஆச்சி வந்திருந்தார். மலாயாவிலே பிறந்தவர். தகப்பனார் அங்கே ரயில்வேயில் வேலை பார்த்தவர். போர் முடிந்தபின் சிறுமியாகக் கப்பலில் ஊர் திரும்பியவர். கனவா ஆவியா என்ற வழக்கை அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்: "எல்லாம் சரி தம்பி, அந்தக் கப்பலிலை இருந்த சனத்துக்கு என்ன நடந்தது? இவர் தீவிலை நிலாப் பாத்துக்கொண்டிருக்கேக்கை அதுகளுக்கு ஆர் சாப்பாடு குடுத்தது?"

சிலர் சிரித்தார்கள். பிறகு ஒருவரும் சிரிக்கவில்லை. அந்தக் கேள்விக்குக் கதையில் விடையில்லை என்பது எல்லோருக்கும் புரிந்துவிட்டது.

ரங்கூன்மீது முதற் குண்டுகள் விழுந்தது 1941 டிசம்பர் 23ஆம் திகதி. 1942 மார்ச் மாதத்தில் நகரம் யப்பானியர் கைக்குப் போயிற்று. இந்த இடைக்காலத்திலும் அதன் பின்னரும் பர்மாவிலிருந்த இந்தியர்கள் இலட்சக்கணக்கில் வெளியேறினார்கள். கப்பலில் இடம் கிடைத்தவர்கள் பாக்கியசாலிகள். கிடைக்காதவர்கள் அரக்கான் வழியாகவும், மணிப்பூர், அசாம் வழியாகவும் மலையும் காடும் நடந்தார்கள். பசியாலும் காய்ச்சலாலும் வாந்திபேதியாலும் பலர் வழியில் மடிந்தார்கள். அவர்களுள் தமிழர் தொகை பெரிது. கல்கி அந்தக் கப்பலின் நெருக்கடியைத் தொடக்கத்தில் காட்டுகிறார். ஆனால் தீவுக் கரையில் கால் வைத்ததும் கதையின் பெரும்பகுதி சோழ பாண்டிய காலத்துக்குப் போய்விடுகிறது. நிலவு எழுந்த பிறகு அகதிகள் கண்ணுக்குத் தெரிவதில்லை.

எங்கள் ஆச்சிக்குத் தெரிந்தது. காரணம் சொல்ல வேண்டியதில்லை. 1958இலும் 1983இலும் கொழும்பிலிருந்து காங்கேசன்துறைக்கு அகதிகளை ஏற்றிவந்த கப்பல்களை இந்த ஊர் அறியும். 1990களில் கிளாலிக் கடனீரேரியை இரவில் வள்ளத்தில் கடந்தவர்கள் அந்த வாசிகசாலையிலேயே நாலைந்து பேர் இருந்தார்கள். 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி இரவு, மழையில், செம்மணி வெளியால் நாவற்குழிப் பாலத்தை நோக்கி நகர்ந்த சனக்கூட்டத்தில் நானும் ஒரு பள்ளிச் சிறுவனாக நடந்தேன். இத்தகைய வாசகருக்கு இளவரசியைவிட அகதிக் கப்பல் முதலில் கண்ணில் படுவது இயல்பே.

மூன்றாவதாக ஒரு தாயாரின் கருத்து. அவர் அரியாலை கிழக்கைச் சேர்ந்தவர். 2000ஆம் ஆண்டுச் சண்டையின்போது இடம்பெயர்ந்து, 2002 போர்நிறுத்தத்துக்குப் பின்னர் வளவைப் பார்க்கப் போனவர். "சேர், நான் போகேக்கை கூரையில்லை. சுவர் மட்டும் நிண்டது. ஆளில்லாத வீட்டிலை வெளிச்சம் படேக்கை ஆரோ நிக்கிற மாதிரித்தான் இருக்கும். அது பேயில்லை. இருந்த ஆக்கள்" என்றார். தீவின் இடிந்த மண்டபங்களைப் பற்றி எத்தனையோ பக்கங்களில் எழுதக்கூடியதை அவர் மூன்று வாக்கியங்களில் சொல்லி முடித்தார். கனவென்ற கட்சியும் ஆவியென்ற கட்சியும் அதற்குப் பிறகு வாய்திறக்கவில்லை. தொல்காப்பியம் கூறும் தெளிவு இப்படியும் வரலாம் போலும்.

நான்காவது கருத்து பெரும் வாதத்தைக் கிளப்பியது. சுகுமாரனும் புவனமோகினியும் நாட்டைவிட்டுப் போனது சரியா? இரண்டு பிள்ளைகளை வெளிநாட்டுக்கு அனுப்பிய ஒரு தகப்பனார், "தகப்பன்மாற்றை பகைக்குப் பிள்ளையள் பலியாகவேணுமோ? போனது சரிதான். போன இடத்திலை கோயிலும் மண்டபமும் கட்டித்தானே இருக்கினம்" என்றார். இலண்டனிலும் ரொறன்ரோவிலும் எழுந்த கோயில்களை அவர் மனத்தில் வைத்துச் சொன்னார் என்பது வெளிப்படை. இன்னொருவர், ஊரைவிட்டு ஒருநாளும் போகமாட்டேன் என்று இருந்தவர், "கட்டித்தான் என்ன? கடைசியிலை அங்கை ஆளில்லையே. பாழடைஞ்சு கிடக்கு. ஊரிலை இருந்திருந்தால் ஆரேன் விளக்காவது வைச்சிருப்பினம்" என்றார்.

நேயர்களே, இந்த இரண்டு கூற்றுகளையும் நான் பல நாள் யோசித்துப் பார்த்தேன். இரண்டுக்கும் கதையில் இடமுண்டு. காதலர்கள் பகையை வென்றார்கள். ஆனால் பகை நிகழ்ந்த மண்ணில் அதை வெல்ல அவர்களால் முடியவில்லை. கடல் கடந்தே வெல்ல முடிந்தது. வென்றதைக் கொண்டாடச் சந்ததி இல்லை. வழிதவறி வந்த ஓர் அகதிதான் கேட்பதற்குக் கிடைத்தான். கல்கி இதை ஒரு சோகமாகக் காட்ட நினைத்தாரா என்று சொல்ல முடியாது. அவருடைய நடை அவ்வளவு இனிப்பானது. ஆயினும் இனிப்பைக் கரைத்துப் பார்த்தால் அடியில் இது கிடக்கிறது. எங்கள் ஊர்த் தகப்பன்மார் இருவர் அதைக் கண்டு எடுத்தார்கள்.

ஐந்தாவது, உயர்தர வகுப்பில் படிக்கும் ஒரு மாணவியின் கருத்து. இது முற்றிலும் வேறு வகையானது. "சேர், கதையிலை அவர் சொல்லிக்கொண்டு போகேக்கை அவ இடையிலை மறிச்சுத் திருத்துறா. தான் சொல்லவேண்டிய பகுதியைத் தானே சொல்லுறா. எனக்கு அதுதான் பிடிச்சது" என்றாள். இது நுட்பமான அவதானம். கதையின் அமைப்பே அப்படித்தான். ஒருவர் விட்ட இடத்தை மற்றவர் எடுக்கிறார். ஒருவர் மறைத்ததை மற்றவர் சொல்கிறார். மோகினி என்ற சொல் தமிழில் ஆணை மயக்கிக் கெடுக்கும் பெண்பேய்க்கு வழங்குவது. எங்கள் ஊர்ப் பேய்க் கதைகளில் முனிக்கும் குரலுண்டு, கொத்திக்கும் குரலுண்டு. ஆனால் மோகினி தன் கதையைத் தானே சொன்னதாக நான் கேட்டதில்லை. கல்கியின் மோகினி சொல்கிறாள். கணவனோடு வழக்காடிக்கொண்டே சொல்கிறாள். காலங்கள் கடந்தும் ஓயாத அந்தச் செல்லச் சண்டைதான் அவர்கள் காதலுக்குச் சான்றாக நிற்கிறது. வர்ணனைகள் அந்த வேலையைச் செய்யவில்லை.

இறுதியாக ஒரு மாணவன் எழுந்து, பலர் மனத்தில் இருந்ததைக் கேட்டான். "இஞ்சை இவ்வளவும் நடந்த பிறகு, ராசா ராசாத்தி ஆவிக்கதை எங்களுக்கு என்னத்துக்கு, சேர்?"

இக்கேள்வியைத் தட்டிக்கழிக்க இயலாது. போரைப் பற்றி நேரடியாக எழுதப்பட்ட நூல்கள் நம்மிடம் உண்டு. அவை வாசிக்கப்பட வேண்டியவை. அவற்றின் இடத்தில் 'மோகினித் தீவை' வைக்கச் சொல்பவன் அல்லன் நான். அதன் குறைகளும் கண்முன் தெரிகின்றன. மாறுவேடமும் தற்செயலும் தேவைக்கு அதிகம். சோழ பாண்டியப் பகை இரு மன்னரின் தன்மானப் பிரச்சினையாகச் சுருங்கிவிடுகிறது. அந்தப் பகையில் செத்த குடிகளைப் பற்றிப் பேச்சில்லை. கப்பலில் இருந்தவர்களைப் பற்றியும் பேச்சில்லை என்பதை ஆச்சி ஏற்கெனவே சொல்லிவிட்டார்.

ஆனால் அந்த வாசிகசாலையில் நடந்ததை அந்த மாணவனுக்கு நினைவூட்டினேன். தன் வீட்டுச் சுவரைப் பற்றி அந்தத் தாயார் அதற்கு முன்னர் கூட்டத்தில் வாய்திறந்தவர் அல்லர். போரைப் பற்றிப் பேசுங்கள் என்று கேட்டிருந்தால் அன்றும் பேசியிருக்க மாட்டார். ஆளில்லாத தீவைப் பற்றிய ஒரு கதை, அதுவும் நடந்திருக்க முடியாத ஒரு கதை, அவருக்கு இடம் கொடுத்தது. தகப்பன்மார் இருவரும் தம் பிள்ளைகளைப் பற்றி நேருக்குநேர் வாதிட்டிருந்தால் மனஸ்தாபம் வந்திருக்கும். இளவரசனைப் பற்றி வாதிட்டபடியால் வாதம் முடிந்து ஒன்றாகத் தேநீர் குடித்தார்கள். சொல்ல முடியாததைச் சொல்வதற்கு எட்டத்தில் இருக்கும் ஒரு கதை உதவுகிறது. முற்போக்கு விமர்சனம் இத்தகைய கதைகளைத் தப்பித்தல் என்றது. தப்பி ஓடியவர்களே நிறைந்த ஊரில் அந்தச் சொல்லுக்கு வேறு பொருளும் உண்டு. ஓடியவன் எங்கிருந்து ஓடினான் என்பதைத் தப்பித்தல் கதை மறைப்பதில்லை; கேட்பவர் கவனித்தால் அது தெரியும்.

மாணவன் முழுமையாக ஏற்றுக்கொண்டான் என்று சொல்லமாட்டேன். "அப்பிடியெண்டால் அந்தக் கப்பல் சனத்தின்ரை கதையையும் ஆரேன் எழுதவேணும்" என்றான். சரியான முடிவு. எழுதவேண்டியவர்கள் அவன் வயதினரே.

நேயர்களே, நான் சொல்ல விரும்பியது இதுதான். ஒரு கதை ஆசிரியரோடு முடிவதில்லை. கல்கி விட்டுச்சென்ற ஐயத்துக்கு அரியாலையில் ஐந்தாறு பேர் ஐந்தாறு தெளிவுகளைக் கண்டார்கள். அவற்றுள் எதுவும் நூலுக்கு வெளியே இருந்து வந்ததன்று. எதுவும் வாழ்க்கைக்கு வெளியே இருந்து வந்ததுமன்று. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன என்பார்கள். அந்த நூல்களின் ஓரங்களில் வாசகர்கள் பென்சிலால் எழுதிவைத்த குறிப்புகளை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. அவையும் அன்று எரிந்தவைதாம். மீண்டும் அச்சிட்டு நூலைப் பெறலாம். அந்தக் குறிப்புகளைப் பெறமுடியாது.

ஆகவே, உங்கள் ஊர் வாசிகசாலைகளில் ஒரு சிறு கதையையாவது சேர்ந்து வாசியுங்கள். வந்தவர்கள் சொல்வதை ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். குறிப்பாக, முதியவர்கள் கேட்கும் கேள்விகளை எழுதுங்கள். நாங்கள் எழுதிய கொப்பியின் முதற் பக்கத்தில் ஆச்சியின் கேள்வியைத்தான் போட்டிருக்கிறோம்.